ஒரு வாய் என்றாலும்

டிசம்பர் 9, திங்கள்

என் இரண்டு காலிலும் இரண்டு நிறக் காலுறை. மத்தியானம் வரை யாரும் சொல்லவில்லை. எங்கள் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில் குழந்தைகள் உடம்பில் இருக்கும் காயத்தைப் பார்க்கத்தான் கண் இருக்கிறது.

விடுதிக்குப் போய் போமியைப் பார்த்தேன். ஒன்பது வயது. அப்பா குடித்துவிட்டு வந்தால் அடிப்பார். பள்ளியில் உடை மாற்றும்போது அவள் முதுகைப் பார்த்த டீச்சர் எங்களுக்குச் சொல்ல, மூன்று வாரமாக இங்கே இருக்கிறாள். என்னையும் டீச்சர் என்றே கூப்பிடுகிறாள்.

"டீச்சர், நான் எப்ப வீட்டுக்குப் போவேன்?"

அடி வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசை. பழகவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

போமி வீட்டாரின் கூட்டம். பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப நாங்கள் திட்டம் போட்டுக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள், அவர்களே போட்டால்தான் நிற்கும் — பத்து வருஷமாக எல்லாரிடமும் நான் பேசுகிற வசனம். போமியின் பெரியப்பா பன்றி சூப்புக் கடை வைத்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு அங்கே உட்கார்ந்தோம். பெரியப்பா ஆள் ஆஜானுபாகு. போமியின் அப்பா பியோங்சு, அண்ணன் முன்னால் தலையை நிமிர்த்துவதே இல்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அவர்களே முடிவு செய்தார்கள். பியோங்சு குடித்தால் மகள் இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் போமியோ அம்மாவோ பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் உடனே வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போவார். வெளியே போக வேண்டியது குழந்தை இல்லை, குடித்தவர்.

போமி கேட்டாள். "எவ்ளோ குடிச்சா குடிச்சதுன்னு அர்த்தம்?"

எல்லாரும் சிரித்தோம். பெரியப்பா மேசையைத் தட்டினார். "ஒரு வாய்னாலும் குடிதான்டி. எங்கிட்ட சொல்லு, உங்கப்பனைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறேன்."

"எல்லார் முன்னாடியும் சொல்லலாமா?"

"மேயர் முன்னாடி வேணாலும் சொல்லு!"

பியோங்சு மெதுவாக, "சரிண்ணே" என்றார். போமியின் அம்மா ஹேரன் முள்ளங்கியை வெட்டிக்கொண்டே இருந்தாள். நான் இரண்டாவது கிண்ணம் சூப்பும் குடித்தேன். திரும்பும் வழியில் பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

போமி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 10, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். வீடு சூடாக இருந்தது. பியோங்சு ஆரஞ்சு உரித்து மகள் கையில் சுளை சுளையாக வைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் ஒருநாள் குடித்துவிட்டு வந்தாராம். போமி போன் போட்டிருக்கிறாள்.

"பெரியப்பா ஏப்ரனோடவே ஓடி வந்தாரு டீச்சர்! அப்பா ஒண்ணும் பேசல. பேசாம அவர் பின்னாடியே போயிட்டாரு."

அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. தான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரு பெரிய ஆள் ஓடிவந்தார் என்கிற முகம். இதற்காகத்தானே இந்த வேலையில் இருக்கிறேன்? பியோங்சுவும் சிரித்தார், கொஞ்சம் அசட்டுச் சிரிப்பு.

ஜனவரி 24, வெள்ளி

ஹேரன் போன் செய்தாள். சந்திரப் புத்தாண்டுக்கு மூன்று நாளும் பெரியப்பா வீட்டில்தானாம், மூத்தவர் வீட்டில்தானே முன்னோருக்குப் படையல். "ரொம்ப நல்லது போமி அம்மா" என்றேன். பெரியப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அத்தனை சொந்தமும் இருக்கிறது. இந்த விடுமுறையில் நான் கவலைப்படாத ஒரே வீடு அதுதான்.

ஜனவரி 29, புதன்

புத்தாண்டு. எங்கள் வீட்டிலும் படையல். அடை சுட்டுச் சுட்டு இடுப்பு விட்டுப் போயிற்று. முன்னோருக்குப் படைத்த அரிசி மதுவை மாமனார் எல்லாருக்கும் ஊற்றினார். குடிக்கவே குடிக்காத நாத்தனாரும் கிண்ணத்தை இரண்டு கையால் வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 30, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

ஹேரன் சொன்னது: படையல் முடிந்து பெரியப்பா படைத்த மதுவைக் கிண்ணத்தில் ஊற்றித் தம்பியிடம் நீட்டினார். தம்பி வாங்கிக் குடித்தார். போமி எழுந்து நின்றாள். பதினைந்து பேர் முன்னால். "பெரியப்பா, அப்பா குடிக்கிறாரு. கூட்டிட்டுப் போங்க."

சிரித்தார்கள். யாரோ ஒரு சித்தப்பா, "அடேங்கப்பா, போலீஸ் வந்துடுச்சுடா!" என்றார். பெரியப்பா அவள் தலையைத் தடவினார். "இது குடி இல்லடி தங்கம், படையல்ல தாத்தா குடுத்தது."

அவள் உட்காரவில்லை. "ஒரு வாய்னாலும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்போது யாரும் சிரிக்கவில்லையாம். ஒரு கிழவர், "பொம்பளப் புள்ளைக்கு வாயைப் பாரு. இப்படியாடா வளத்திருக்கே?" என்று பியோங்சுவைக் கேட்டார். பியோங்சு அதன்பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்கவேயில்லை. சாயங்காலம் அவளைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

இடது செவிப்பறை கிழிந்திருக்கிறது.

அவ நாம சொன்னதைத்தானே செஞ்சா! சொன்னதை அப்படியே செஞ்சா. அதுக்குத்தானே அடி. ஐயோ.

ஒரு வாய் என்று பேசியபோது படையல் கிண்ணம் எங்கள் யார் நினைவிலும் வரவில்லை. எனக்கும்தான். நானே நேற்று அதை இரண்டு கையால் வாங்கிக் குடித்தேன். எங்களுக்கெல்லாம் அது குடியில் சேர்த்தியே இல்லை. போமிக்கு மட்டும் அது குடியாகத் தெரிந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

போமி மறுபடி விடுதியில். அவள் பக்கம் வரக்கூடாது என்று பியோங்சுவுக்கு உத்தரவு. எங்கள் மேலாளர், "உம்மேல தப்பில்ல, விடு" என்றார். காபி வாங்கிக் கொடுத்தார். குடிக்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பெரியப்பா அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவ என்னைத்தான் கூப்பிட்டா மேடம். நான் சிரிச்சேன்."

இன்னொரு கூட்டம் போடலாமா, இனி படையலுக்கு வெறும் தண்ணி வைக்கிறேன் என்றார். நிஜமாகவே செய்வார். போமியிடம் போய்க் கேட்டேன். "பெரியப்பா வேண்டாம்" என்றாள். அழவில்லை. கோபமும் இல்லை. கடையில் வேண்டாத சாமானைத் திருப்பித் தருகிற மாதிரி சொன்னாள்.

மார்ச் 12, புதன்

ஹேரனிடம் இரண்டு மணி நேரம். நீ தனியாக வீடு பார், நாங்கள் உதவுகிறோம், போமி நாளைக்கே உன்னிடம் வரலாம் என்று எத்தனை விதமாகச் சொல்வது?

"அவரு இப்பத்தான் குடிய நிறுத்துற வைத்தியத்துக்குப் போறாரு மேடம். இந்த நேரத்துல விட்டுட்டு வந்தா செத்துருவாரு."

"போமி?"

"அவளுக்கு நீங்க இருக்கீங்க."

கத்தியிருப்பேன். பக்கத்து அறையில் ஆள் இருந்ததால் தப்பித்தாள். அவள் மேல் கோபமா, அவள் சொன்னது உண்மை என்பதாலா? தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

போமி எல்லாரையும் வலது பக்கம் உட்காரச் சொல்கிறாள்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் போமியைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். செவிப்பறை மூடிவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று டாக்டர் கிசுகிசுத்ததை எல்லாம், இடது காதிலும், ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். முழுசாகச் சரியாகிவிட்டது என்றார். எனக்குத்தான் கண் கலங்கியது, அவள் ஐஸ்கிரீம் கேட்டாள்.

மத்தியானம் விடுதிக்கு ஹேரன் வந்தாள். சமைத்துக் கொண்டுவந்திருந்தாள் — முட்டைச் சுருள், நெத்திலி வறுவல், மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்கு. மகளின் இடது பக்கம் உட்கார்ந்தாள். வேண்டுமென்றே இல்லை, அங்கேதான் இடம் இருந்தது. போமி நன்றாகச் சாப்பிட்டாள். ஹேரன் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்கு வரியா? அப்பா இப்ப ரொம்ப மாறிட்டாரு."

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த எனக்கே கேட்டது. போமி ஒரு நெத்திலியை எடுத்து மென்றாள். இன்னொன்று எடுத்தாள். திரும்பவில்லை. என்னை மட்டும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

ஹேரன் முகம் வாடிப்போயிற்று. என்னைப் பார்த்து, "அந்தக் காது இன்னும் கேக்கலையா மேடம்?" என்றாள்.

"இல்ல போமி அம்மா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."