எதிர்வீட்டுக் கல் ஆந்தை

என்னங்க,

உங்கள் ஷூவுக்குள் வைத்தால்தான் இந்தக் கடிதம் உங்கள் கண்ணில் படும்.

ஞாயிறுதோறும் பழைய கட்டடங்களைக் காட்ட நீங்கள் நடத்திச் செல்லும் கூட்டத்தை நேற்று நம் தெருவுக்கே கூட்டி வந்தீர்கள். நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு உச்சியிலிருக்கும் கல் ஆந்தை அந்த மஞ்சள் குடைக்காரிக்கு மட்டும் தெரியவில்லையாம். "எங்கங்க?" என்று கொஞ்சினாள். தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கல்யாணமான புதிதில் எனக்கும் அப்படித்தான் ஒவ்வொரு பால்கனியாகக் காட்டினீர்கள். கால் வலி என்று நான்தான் வருவதை நிறுத்தினேன், ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு அவள் நம் வீட்டைக் காட்டி, "இதுல என்ன விசேஷம்?" என்று கேட்டாள். நான் தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

ஊரையே மேலே பார்க்கச் சொல்லும் நீங்கள் நிமிரவேயில்லை.

"இது சாதாரண வீடுங்க. பாக்க ஒண்ணுமில்ல" என்றீர்கள்.

அதே ஜன்னலிலிருந்து,
உங்கள் மனைவி