பன்னிரண்டு அடிப் பதாகை

குனோங் ராபாட், ஈப்போ
மார்ச் 24

அன்பு மகள் ஷாமினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், டொராண்டோ குளிரில் நீயும் அந்த அளவுக்காவது சுகமாக இருக்க வேண்டும். முதலில் நம் தாமான் குடியிருப்பின் வரலாற்றுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் தாமான் தமிழர் சங்கத்தின் செயற்குழு மூன்று முறை கூடி, இரண்டு முறை ஒத்திவைத்து, ஒருவர் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்து, தேநீர் வந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்த பிறகு, இந்த ஆண்டு மகளிர் தினப் பதாகை எட்டு அடி அல்ல, பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தலைவர் பத்துமலை எழுந்து நின்று இதை அறிவித்தாராம், எல்லாரும் கை தட்டினார்களாம். காரணம் நியாயமானதுதான். எட்டு அடியில் செயற்குழுவின் பதினோரு ஆண்களுடைய முகங்கள் மட்டுமே அடங்கும். மகளிர் தினமாயிற்றே, ஒரு பெண்ணின் முகமும் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் அந்த நான்கு அடி.

இரண்டு வாரமாக மர்ஸியா ஏன் குரல் பதிவு அனுப்பவில்லை என்று கேட்டிருந்தாய். தொண்டை சரியில்லை என்று அவள் எழுதியதாகவும் சொன்னாய். அவள் தொண்டைக்கு ஒன்றுமில்லை. காரணத்தை ஷாமினியிடம் நானே சொல்கிறேன் என்று அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் பதில் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன். அதனால் தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கூப்பிடு.

போன வருடம் அவளை நம் வீட்டில் தங்க வைக்கச் சொல்லி நீ கேட்டபோது எனக்குச் சொன்னதையெல்லாம் திரும்ப எழுதுகிறேன், நான் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை என்பது உனக்கும் தெரிந்திருக்கட்டும். காபூலில் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவள். ஆட்சி மாறியது, முகத்தை மூடிக்கொண்டு வாசி என்றார்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசித்தாள், பிறகு அந்த நாற்காலியும் போனது. பாகிஸ்தான் வழியாக இங்கே வந்தாள். கையில் அகதி அட்டை உண்டு, வேலை செய்ய அனுமதி கிடையாது. உங்கள் செய்தி நிறுவனத்துக்காக வாரம் ஒரு முறை, அங்கே வீட்டுக்குள் அடைந்திருக்கும் பெண்களுக்குச் செய்தி வாசித்து அனுப்புகிறாள், புனைபெயரில். ஹெராத்தில் இருக்கும் தங்கை ஹுமைராதான் வீடு வீடாகப் போய் அந்தச் செய்திகளைச் சேகரித்துத் தருகிறாள். பெண்ணின் குரலே வெளியில் கேட்கக் கூடாது என்று சட்டம் எழுதி வைத்திருக்கும் ஊரில். இத்தனையும் சொல்லிவிட்டு, அவளுடைய உண்மைப் பெயரும் தங்கையின் பெயரும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது அம்மா என்றாய். நான் முப்பத்தொரு வருடம் தமிழாசிரியையாக இருந்தவள், எனக்குப் புரியாதா என்றேன்.

நம் சாமான் அறையில் உன் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, கம்பளிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு அவளுக்கு ஒரு பதிவறை செய்து கொடுத்தோம். ரொட்டிக்காரரின் ஹாரன் கேட்டால் நிறுத்துவாள், அவர் தெருக்கோடி தாண்டியதும் விட்ட வாக்கியத்திலிருந்து தொடங்குவாள், குரலில் ஒரு பிசிறு இருக்காது. மின்விசிறிச் சத்தம் விழக் கூடாது என்பதால் அந்த இருபது நிமிடமும் உன் அப்பா கூடத்தில் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ஆப்கானியப் பெண் விடுதலைக்கு அவர் செய்த பங்களிப்பு அது. செய்ததைச் சும்மா வைத்திருக்க மனம் வருமா, காப்பிக் கடையில் சொல்லிவிட்டார். மறுநாள் சங்கச் செயலாளர் ஜெயபாலன் வாசலில் நின்றான். "டீச்சர், டிவில நியூஸ் வாசிச்ச அம்மா உங்க வீட்லயா இருக்காங்க, சொல்லவே இல்லையே லா. மேடைல சும்மா வந்து உக்காந்தா போதும் டீச்சர், ஒரு பொன்னாட போட்டு அனுப்பிருவோம்" என்றான். அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாம். அறிமுக உரையை நீங்களே பேசுங்க டீச்சர் என்றான், நான் உள்ளே வா என்றேன்.

மர்ஸியாவிடம் நான்தான் பேசினேன். சின்ன நிகழ்ச்சி, எல்லாம் நம் ஆட்கள், முகக்கவசம் போட்டுக்கொள், படம் எடுக்க மாட்டார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள் என்றேன். சிக்கு சொன்னால் சரி என்றாள். டீச்சருக்கு மலாயில் சிக்கு, மார்க்கெட்டில் கற்றுக்கொண்டிருக்கிறாள். பிறகு நான் உட்கார்ந்து அறிமுக உரை எழுதினேன். அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள், தன் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண்ணின் பெயரைப் போடாமல் இன்னாரின் மகள் என்றே அச்சடிப்பார்கள், கல்லறையில்கூட அப்படித்தான் என்று. எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது ஒரு நாள்கூடக் கணக்கெழுதும் கிராணி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, முனியன் பெண்டாட்டி என்றுதான் கூப்பிடுவார். அந்த ஆத்திரத்தில் மர்ஸியாவின் முழுப் பெயரையும் எழுதினேன். காபூலில் வாசித்த நிலையத்தை எழுதினேன். ஊர் ஹெராத் என்று எழுதினேன். மூன்று வரி. நல்ல அறிமுகத்துக்கு முத்தாய்ப்பாக ஒரு வரி வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நான்காவது வரியில், இன்றும் அங்கே வீடு வீடாகச் சென்று செய்தி சேகரிக்கும் தங்கை ஹுமைரா என்று எழுதி, எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மேடையில் பேசும்போது பெயர்களை விட்டுவிடலாம், தாளில் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சமாதானத்தை நீ நம்ப வேண்டாம், எனக்கே இப்போது நம்பிக்கை இல்லை.

நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்பு ஜெயபாலன் திரும்ப வந்தான். "டைம் பத்தாது டீச்சர், பேசுறவங்க லிஸ்ட் நீண்டுபோச்சு. அறிமுகத்த தலைவரே பேசிருவாரு, அந்தப் பேப்பர மட்டும் குடுங்க" என்றான். மகளிர் பிரிவுத் தலைவி வீரம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவள் தேங்காய் துருவிக்கொண்டே, "நமக்கு மைக்கு எதுக்கு டீச்சர், அவங்க பேசி முடிக்கட்டும், நம்ம கையில கரண்டி இருக்குல்ல" என்று சிரித்தாள். நான் கோபித்துக்கொண்டேன், ஷாமினி. என் மேடை போனதே என்றுதான் கோபித்துக்கொண்டேன். கோபத்தில் தாளை அவனிடம் நீட்டினேனே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

பதாகையில் ஆண்களின் முகங்கள் எட்டு அடி, பெண்ணின் முகம் இரண்டு அடி போக இன்னும் இரண்டு அடி வெள்ளையாகக் கிடந்திருக்கிறது. பதாகைக் கடைக்காரர் என்ன போடட்டும் என்று கேட்க, ஜெயபாலன் காலியா இருந்தா நல்லாருக்காதுன்னு என் தாளில் இருந்த நான்கு வரியையும் அப்படியே கொடுத்திருக்கிறான். பெயர் கிடைத்துவிட்டதால் படம் தேடுவதும் சுலபமாகிவிட்டது, காபூல் நிலையத்தில் அவள் முகம் திறந்து செய்தி வாசித்த பழைய படம்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவள் தன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். முதல் வரியை மலாயில் சொன்னேன், இரண்டாவதைச் சொன்னேன், மூன்றாவதையும் சொன்னேன். நான்காவது வரியைக் காட்டினாள். வாழ்க என்று எழுதியிருக்கிறது என்றேன். நன்றி சிக்கு என்றாள். அதற்குள் ஜெயபாலன் அவளை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஏழு ஆண்கள் பெண் விடுதலை பற்றிப் பேசினார்கள். தலைவர் பத்துமலை நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார், பெண்ணின் குரலை அடக்கும் நாடு உருப்படாது என்று மேசையைத் தட்டினார். மர்ஸியா தமிழில் நன்றி சொல்வதற்கு என்னிடம் மூன்று வாக்கியம் கற்று வைத்திருந்தாள், ஒரு வாரம் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். அதற்கு நேரம் இருக்கவில்லை. பொன்னாடை போட்டார்கள், படத்துக்காக முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார்கள், நோன்பு நோற்றிருந்தவளின் கையில் ஒரு பொட்டலம் கோழி பிரியாணி கொடுத்தார்கள். எல்லாம் முகநூலில் நேரலை.

அன்று நோன்பு திறந்த பிறகு அவள் அடுப்படிக்கு வந்தாள். கைபேசியில் சங்கத்தின் முகநூல் பக்கம் இருந்தது, நேரலைக்குக் கீழே பதாகை வரிகளையும் தட்டச்சு செய்து போட்டிருந்தார்கள், மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தியிருந்தாள். தமிழ் உலக மொழி என்று மேடைதோறும் முழங்குவார்கள், நான் முழுக்க நம்பியதில்லை. ஒரு விரலால் தொட்டதும் என் நான்கு வரியும் அவள் மொழியில் வந்து நின்றது. நான்காவது வரிக்குக் கீழே கட்டை விரலை வைத்து என்னிடம் காட்டினாள். கத்தவில்லை. சிக்கு, இது வாழ்க இல்லை என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே ஜெயபாலன் வீட்டுக்குப் போனேன். அந்த முகநூல் பதிவை எடுத்துவிடு என்றேன். "ஐயோ டீச்சர், ரெண்டாயிரம் பேர் பாத்துட்டாங்க, நம்ம பேஜ்ல இவ்ளோ வந்ததே இல்ல. நானா எடுக்க முடியாது, கமிட்டி முடிவு பண்ணணும். புதன்கிழம மீட்டிங் இருக்கு லா, பேசிருவோம்" என்றான். கெஞ்சினேன். அவன் வயதில் எனக்கு மாணவர்கள் இருக்கிறார்கள், அவனிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். பாவம், அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, குடிக்க மைலோ கலக்கச் சொன்னான். தலைவரைப் போனில் கூப்பிட்டேன், விதிமுறை என்று ஒன்று இருக்கிறதே டீச்சர் என்றார். வீட்டுக்கு வந்தால் உன் அப்பா, "ஹெராத்துல எவன் தமிழ் படிக்கப் போறான், சும்மா பயந்து சாகாத" என்றார். இப்போது அவர் அப்படிச் சொல்வதில்லை. இரத்த அழுத்த மாத்திரையை அரையிலிருந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். காப்பிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார், குரல் பதிவே இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நோன்புப் பெருநாள் வந்து போனது. மர்ஸியா எங்களோடு சாப்பிடுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மற்ற நேரமெல்லாம் சாமான் அறையில் இருக்கிறாள். கம்பளிகளை எடுக்கட்டுமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றாள். உன் தம்பி தனேஷ் வந்திருந்தான், வேறு வீடு பார்க்கலாமா என்று கேட்டான், எனக்காகக் கேட்கிறானா அவளுக்காகக் கேட்கிறானா என்று தெரியவில்லை. பதாகை இப்போது தலைவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் சாரலுக்குக் கட்டியிருக்கிறது. அவிழ்த்துவிடுங்கள் என்று போய்ச் சொன்னேன். நல்ல கனமான பேனர் டீச்சர், வீணாக்க மனசு வரல என்றார். முகங்களை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினார், அதுவரைக்கும் நல்லது. அவருடைய முகத்துக்கு நேர் கீழேதான் கார் நிற்கிறது.

நீ என்னைத் திட்ட வேண்டும். நான் அம்மா என்பதால் விட்டுவிடாதே. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். ஹுமைரா அனுப்பிய குரல்கள், அவற்றில் வரும் மற்றப் பெண்களின் பெயர்கள், தெருப் பெயர்கள், உங்கள் அலுவலகத்தில் எந்தக் கணினியில் இருந்தாலும் இன்றைக்கே அழித்துவிடச் சொல். இதற்குக் கூட்டம் போடாதீர்கள். மர்ஸியாவைக் கனடாவுக்கு எடுக்கும் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த வழக்கறிஞரிடம் இந்த வாரமே கேள், அவள் கேட்க மாட்டாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியில் போ, காலையில் வெறும் வயிற்றில் கறுப்புக் காப்பி குடிக்காதே. உனக்கு நீண்ட ஆயுளும் நிறைவான வேலையும் வாய்க்கட்டும், உன் பெயரை எங்கே சொல்லலாம் எங்கே சொல்லக் கூடாது என்று தெரிந்தவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும்.

என்றும் உன் நினைவில்,
அம்மா விமலா

எழுத விட்டுப்போனது: சங்கச் செயற்குழு பதினொன்றாம் தேதி புதன்கிழமை கூடி, அந்தப் பதிவை நீக்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்து, அன்றே நீக்கியது. ஹுமைராவைப் பத்தாம் தேதி காலையில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.