நீ கழற்றிய சட்டை

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டது. இன்று பேருந்துக்கு முன்னால் ஊர்ந்துபோன டிராக்டரிலிருந்து வெட்டுக் கரும்பின் வாடை சன்னல் வழியாக அடித்ததும் உன் நினைப்புதான் வந்தது. பாசத்தில் இல்லை, எரிச்சலில்.

கல்லூரியில் நீயும் நானும் ஒரே வகுப்பு, ஒரே எழுத்துப் பைத்தியம். விடுமுறையில் நான் அம்மாவோடு கரும்பு வெட்டப் போவேன். ஒருநாள் "சும்மா பாக்கறேன்" என்று வந்து நீ வரப்பில் உட்கார்ந்தாய். சோகை, அதாவது கரும்புத் தோகை, கையை அறுக்கும் என்பதால் பெண்கள் எல்லாரும் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டுதான் வெட்டுவோம். நான் அப்பாவின் காக்கிச் சட்டையில் இருந்தேன்.

அதைப் பார்த்துவிட்டு நீ எழுதி அச்சில் வந்த கதையில் அந்தச் சட்டை இல்லை. என் பெயரை மட்டும் மாற்றி, தெற்றுப்பல்லையும் கழுத்து மச்சத்தையும் அப்படியே வைத்து, வேர்வையில் நனைந்த ரவிக்கையோடு என்னைக் கரும்புக்கு நடுவே நிறுத்தியிருந்தாய். உடலை எழுதத் துணிந்த நவீனப் படைப்பு என்று இலக்கியக் கூட்டத்தில் கைதட்டினார்கள். எங்கள் தெருவில் யாரோ அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள்.

"ஊரு பாக்க இப்புடியாடி நின்னுகினு இருந்த?" என்று கேட்டாள். என்னோடு அதே வரிசையில் வெட்டியவள், அச்சில் வந்ததைத்தான் நம்பினாள்.

உன்னிடம் வந்து சண்டை போட்டேன். "அது நீ இல்ல, கதை. உடம்ப எழுதறதுக்கு இன்னா கூச்சம்?" என்று சிரித்தாய். அதோடு நான் பேச்சை விட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

போன மாதம் நீ கூப்பிட்டு அனுப்பியதால் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வீங்கிய கால்கள், கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை. உன் மகளை வெளியே அனுப்பிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாய்.

"இத மட்டும் எழுதிடாத. பாப்பா படிக்கும்" என்றாய்.

பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

கூடப் படித்தவள் என்று பத்திரிகையில் என்னிடம் அஞ்சலி கேட்டார்கள். வீங்கிய கால்களை, மூத்திரப் பையை, நீ இழுத்துக்கொண்ட போர்வையை, எல்லாவற்றையும் எழுதினேன். உன் பெயரையும் போட்டேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. காலையில் அனுப்பியும் விட்டேன்.

பாப்பா படிக்கும். படிக்கட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.