நாற்பத்தாறாம் அளவு

அக்டோபர் 14, திங்கள்

அனுமதி கிடைத்துவிட்டது! சோதனையாக இரண்டு வாரம்! தலைமை நர்ஸ் வுகோசாவா கையெழுத்தே போட்டுவிட்டாள். பதினோரு வருடமாக இந்த எலும்பு முறிவு வார்டில் நான் வேலைகளைத்தான் பார்த்திருக்கிறேன், ஆட்களை இல்லை. ஒருத்தி காய்ச்சல் பார்ப்பாள், ஒருத்தி ஊசி போடுவாள், ஒருத்தி கட்டு மாற்றுவாள். நாளையிலிருந்து ஆளுக்கு ஆறு நோயாளிகள். அவர்களுக்கு எல்லாமே நாம்தான்.

"ஒண்ணு தப்பாச்சுன்னாலும் பழையபடிதான். அப்புறம், நோயாளி பக்கத்துல உக்காந்து அரட்டை அடிக்கிறதை நான் பாக்கக் கூடாது. உக்காந்திருக்கிற நர்ஸுன்னா வேலை இல்லாத நர்ஸு" என்றாள்.

சரி தாயே, நிற்கிறேன்!

அக்டோபர் 15

என் ஆறு பேரில் ஒருவர் ஒப்ராட் மாமா. ரிட்டையர் ஆன பஸ் டிரைவர், வயது அறுபத்தொன்பது. தோட்டத்தில் பிளம் பழம் பறிக்க ஏணியில் ஏறி விழுந்திருக்கிறார். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து ஆறு நாள் ஆகிறது, கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். அவருடைய சார்ட்டில் நான்கு பேர் கையெழுத்தில் ஒரே வரி: ஒத்துழைக்கவில்லை.

25ஆம் தேதிக்குள் நடக்காவிட்டால் வீடு கிடையாது, முதியோர் இல்லம்தான். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை.

"நாளைக்குப் பாக்கலாம் சிஸ்டர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 16

நாளைக்காம்.

அக்டோபர் 17

இன்றும் அதே. "என்ன ஸ்லாவிட்சா, உன் ஆளு இன்னும் படுத்துக்கிட்டேதான் இருக்காரா?" என்கிறாள் வுகோசாவா. வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் கேட்கிறாள்!

அக்டோபர் 18

கண்டுபிடித்துவிட்டேன்! அவசரத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்!

கால் வலி தாங்காமல் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் - ஆமாம், உட்கார்ந்தேன். பேனா விழுந்தது. குனிந்தேன். அந்த அறையில் நான்கு கட்டில். மூன்றின் அடியில் வீட்டுச் செருப்பு. அவர் கட்டிலுக்கு அடியில் மட்டும் சேறு காய்ந்த ஒற்றை ரப்பர் பூட்ஸ்.

ஏணியடியில் விழுந்த கோலத்திலேயே ஆம்புலன்ஸில் வந்தவர். ஆஸ்பத்திரி எதுவும் தராது; பைஜாமா, கரண்டி, செருப்பு எல்லாம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அவருக்குக் கொண்டுவர யார் இருக்கிறார்கள்? வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்காத செர்பியாக்காரன் எவனாவது வெறுங்காலைத் தரையில் வைப்பானா?

"செருப்பு இல்லாமதானா மாமா?"

அவருக்குக் காது சிவந்துவிட்டது. "ஊரே பாக்க வெறுங்காலோட நடக்கணுமா? நான் என்ன பிச்சைக்காரனா?"

"கேட்டிருக்கலாம்ல!"

"யாரைக் கேக்குறது? வேளைக்கு ஒரு முகம் வருது."

ஐயோ. அதில் ஒரு முகம் நான். போன வாரம் அவருக்கு ஊசி போட்டவளே நான்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே!

அக்டோபர் 19

விருந்தாளிகளுக்கென்று வீட்டில் வைத்திருக்கும் ஐந்து ஜோடிச் செருப்பையும் பையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். ஒன்றுகூட நுழையவில்லை. நாற்பத்தாறாம் அளவாம்!

"முப்பது வருஷம் பிரேக்கை மிதிச்ச காலும்மா" என்று முதல்முறையாகச் சிரித்தார். கடை கடையாக ஏறி இறங்கினேன். நாற்பத்தைந்துக்கு மேல் எங்கேயும் இல்லை.

அக்டோபர் 21

வேறு வழியில்லாமல் வுகோசாவாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், உட்கார்ந்ததையும் சேர்த்து. திட்டப்போகிறாள் என்று நின்றேன். "நாப்பத்தாறா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 22

நடந்தார்! நடந்தார்! நடந்தார்!

காலையில் வுகோசாவா ஒரு பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே கம்பளிச் செருப்பு, பின்பக்கம் மூடியது, அவள் கணவனுடையது. "வீட்டுல எம் புருஷன் வெறும் சாக்ஸோட கத்திக்கிட்டுத் திரியிறான். சீக்கிரம் எந்திரிங்க" என்றாள். பொருந்திவிட்டது! என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் ஒன்பது அடி. மற்ற மூன்று கட்டிலும் கைதட்டியது. நான் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

அக்டோபர் 25, வெள்ளி

ஒப்ராட் மாமா வீட்டுக்குப் போனார். அந்தச் செருப்போடுதான்! யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அக்டோபர் 28

இரண்டு வாரம் முடிந்தது. மறுபடி பழையபடி ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே போனேன். வார்டுப் பலகையில் பழைய வேலைப் பட்டியல் இல்லை, அழித்திருந்தார்கள். நோயாளிகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நர்ஸ். நேற்று வந்த மிலுட்டின் மாமாவுக்கு எதிரே - வுகோசாவா!

பத்து மணிக்கு என்னிடம் வந்தாள். "அவருக்குக் காப்பியில சர்க்கரை போடலாமா, வேண்டாமா?"

"அவர் உங்க ஆளு. நீங்கதான் கேக்கணும்."

முறைத்தாள். போனாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்குள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.