அடைக்கு வைத்த பதினொரு முட்டை

என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சின்னவளும் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். உன் கடிதம் வந்து இன்றோடு பதினெட்டு நாள். பதில் போடாமல் இருந்தது சோம்பலால் இல்லை. நர்சிங் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் தருகிறார்களே, அதில் பேசாததா என்று அப்பா கேட்கிறார். அதில் பேச முடியாத ஒன்று இருந்தது, அதை எழுதவும் கை வரவில்லை. அதற்கு முன்னால் உன் கால். வார்டில் நின்று நின்று கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். படுக்கும்போது காலுக்கடியில் தலையணையை மடித்து வைத்துக்கொள், சாயங்காலத்தில் போட்டுப் பார்த்து ஒரு அளவு பெரிதாகச் செருப்பு வாங்கு. காலையில் பிஸ்கட் தின்றுவிட்டு ஓடுவதை நிறுத்து, உன் கூடப் படிக்கிற பெண் சாப்பிடுகிறாள் என்றால் அவள் வயிறு வேறு, உன் வயிறு நான் பார்த்து வளர்ந்த வயிறு.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி போய்விட்டான். நீ நான்கு ஞாயிறும் “மேஸ்திரி கூவுறானாம்மா” என்று கேட்டாய், நானும் நான்கு முறையும் “தெருவே எழுந்திரிக்கிற மாதிரி கூவுறான்” என்று சொன்னேன், பக்கத்தில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நீ போன அடுத்த மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பின்கேட் வழியாக ஒரு நாய் உள்ளே வந்துவிட்டது. கொக்கியைப் போடாதது நான்தான் என்று நினைக்கிறேன், அப்பா தான்தான் என்கிறார், வீட்டில் எந்தத் தப்பையும் ஒப்புக்கொள்ளாத மனுஷன் இதற்கு மட்டும் என்னோடு போட்டி போடுகிறார். பெட்டைகள் மூன்றும் மதில்மேல் ஏறிவிட்டன. அவன் ஏறவில்லை. கீழேயே நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறான், அந்தச் சத்தத்தில்தான் நான் ஓடினேன். சீருடைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய், நோஞ்சானாக இருந்தவனுக்கு மருந்துச் சொட்டுக் குழாயில் தண்ணீர் கொடுத்து நீ வளர்த்த சேவல். நீ ஊர்விட்டுப் போய் முப்பது நாள்கூட அவனைப் பார்த்துக்கொள்ள எனக்குத் துப்பில்லை. இதை எப்படிப் போனில் சொல்வேன், உனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மூன்று பெட்டைகளில் வாத்தியாரம்மா அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். காலிக் கூடையில், ஒரு முட்டைகூட இல்லாமல், சிறகை விரித்துக்கொண்டு, கிட்டே போனால் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. எப்போதும் போல ஈரச்சாக்கில் நான்கு நாள் கவிழ்த்து வைத்து அடையைத் தெளியவைக்கலாம் என்று அப்பா கூடையைத் தூக்கிவிட்டார். நான் தடுத்தேன். சேவல் போன பிறகும் ஒரு வாரம் பத்து நாளுக்குப் பெட்டை இடுகிற முட்டையில் கரு பிடிக்கும் என்று எப்போதோ விலங்கியலில் படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. மற்ற இரண்டும் முட்டை இட்டுக்கொண்டுதான் இருந்தன. அவற்றைச் சேர்த்து இவளுக்கு அடை வைத்தால் மேஸ்திரியின் குஞ்சுகள் வரும், அவை வந்த பிறகு உனக்கு இரண்டு சேதியையும் சேர்த்து எழுதலாம் என்று கணக்குப் போட்டேன். ஒருவேளை தவறிப்போனால் திரும்ப அப்படி முட்டை கிடையாது, அதுவும் தெரிந்தே இருந்தது.

கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் யோசனை கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, ஊசியை வாயில் கவ்விக்கொண்டே முழு நியாயமும் பேசுவாள். “இருட்டா ஒரு இடம் குடு, தண்ணியும் நொய்யும் பக்கத்துல வை, அப்புறம் நீ அந்தப் பக்கமே போகாத, அதுதான் உனக்குக் கஷ்டம்” என்றாள். அப்பா லிஃப்ட் மோட்டார் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார். அடியில் மணல், மேலே சாக்கு, அதன்மேல் வைக்கோல். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன், பதினொன்று சேர்ந்ததும் இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக அவளுக்கு அடியில் நகர்த்தினேன். புறங்கையில் இன்னும் கொத்திய வடு இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு ராத்திரி டார்ச்சில் வைத்துப் பார்த்தபோது ஒன்று வெறும் கூமுட்டை, எடுத்துப் போட்டேன். மற்ற பத்திலும் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தது. லேபில் பதினாறு வருடமாக அடுத்தவர் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அன்றைக்குப் பத்தையும் இன்னொரு முறை டார்ச்சில் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எழுந்து வருகிறாள், நாலு வாய் தின்கிறாள், மண்ணில் புரளுகிறாள், ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறாள். நெஞ்சில் இறகை அவளே பிடுங்கிக்கொண்டுவிட்டாள், கொண்டை வெளுத்துவிட்டது, தூக்கினால் காகிதம் மாதிரி இருக்கிறாள். செத்துவிடுவாளோ என்று ஒரு பயம், எழுந்து போனவள் திரும்பாமல் போய்விடுவாளோ என்று ஒரு பயம். “விட்டா நீ அவளுக்கும் ரத்தம் எடுத்துடுவ” என்றார் அப்பா. லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு அலறினாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்புகிறவர், அவருக்கு என்ன.

இருபத்தொரு நாள். சமையலறை காலண்டரில் வட்டம் போட்டு எண்ணினேன். இருபத்தொன்றாம் நாள் ஒன்றுமில்லை, இருபத்திரண்டாம் நாள் ஒன்றுமில்லை. இருபத்துமூன்றாம் நாள் நேற்று, ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் செத்துவிட்டது, அவள் அழுகல் முட்டைமேல் உட்கார்ந்து உயிரை விடுகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. காதில் வைத்துப் பார்த்தேன், சத்தமில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அக்கா கடைவீதிக்குப் போயிருந்தாள், யாரையும் கேட்கவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துக் கரண்டிக் காம்பால் தட்டித் திறந்தேன். அதற்கு முழுதாக இறகு இருந்தது. வயிற்றோடு மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது, இன்னும் உள்ளே போகவில்லை. காலை நீட்டியது. என் உள்ளங்கையில் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ மூச்சு விட்டது.

சின்னவள் என் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை. “முட்டை வச்ச அன்னிக்கு எனக்கு டிராயிங் டெஸ்ட்டும்மா, அது புதன்கிழமை. நீ வெள்ளிக்கிழமையில வட்டம் போட்டிருக்க” என்றாள். போய்ப் பார்த்தேன். வாத்தியாரம்மா வெறுங்கூடையில் உட்கார்ந்த நாளில் வட்டம் போட்டிருக்கிறேன், முட்டை வைத்த நாளில் இல்லை. நடுவில் ஐந்து நாள். நேற்று பதினெட்டாம் நாள்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, இதற்கு ஒரு பட்டம் வேறு வாங்கி வைத்திருக்கிறேன். அது நடந்து அரைமணியில்தான் உன் போன் வந்தது. “ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு” என்றாய், ஜலதோஷம் என்றேன். அதுவும் பொய். அக்கா வந்து கேட்டுவிட்டு, “படிச்சவ கைக்கு எப்பவும் ஒரு அரிப்பு” என்று சொன்னாள், சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒன்பது இருக்கிறது. இதை லேபில் மத்தியான இடைவேளையில் எழுதுகிறேன். இப்படியே உறையில் போட்டு அனுப்பினால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய், அதனால் புதன்கிழமை வரை வைத்திருக்கிறேன்.

இன்று வியாழன். இடது கைக்கு ஓய்வில்லை, அதனால் எழுத்து கோணலாக வரும், திட்டாதே. நேற்று விடியும்போதே பெட்டிக்குள் கீச்சென்று சத்தம் கேட்டது. நான் தொடவில்லை. சின்னவள் படியில் உட்கார்ந்து என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள், எங்கே போய்விடுவேனோ என்று. இருட்டுவதற்குள் சிறகுக்கு வெளியே நான்கு தலை தெரிந்தது, இன்று காலையில் ஏழு. மஞ்சளில் மூன்று, கறுப்பில் இரண்டு, மற்ற இரண்டுக்கும் மேஸ்திரியின் அதே செம்மண் நிறம், முதுகில் கோடு. உனக்கு எழுதத்தான் நன்றாகப் பார்த்து வைத்தேன். ஏழும் வந்துவிட்டதே என்று மூச்சுவிட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. எட்டாவது முட்டையில் நேற்று மத்தியானமே கடுகளவு ஓட்டை விழுந்தது, மூக்கு நுனி தெரிகிறது, இன்று பத்து மணி வரை அந்த ஓட்டை பெரிதாகவே இல்லை. அப்புறம் வாத்தியாரம்மா எழுந்துவிட்டாள். ஏழையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய் மண்ணைக் கீறிக் காட்டுகிறாள், அந்த இரண்டு முட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். அக்காதான், “ஒண்ணுக்காக ஏழையும் பட்டினி போடச் சொல்றியா, அவளுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல” என்றாள்.

முட்டை ஆறிக்கொண்டே வந்தது. பல்பு கட்டிச் சூடு காட்டலாம் என்றால் வீடு முழுக்க எல்.இ.டி., வெளிச்சம் வருகிறது, சூடு வருவதில்லை. அப்பாவுக்கு எங்கேயோ நான்காவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு, போய்விட்டார். லேபுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி, முட்டையை வயிற்றோடு வைத்துப் புடவையை இறுக்கி, இடது கையால் பொத்திக்கொண்டு இப்போது மூன்று மணி நேரமாக நாற்காலியில் இருக்கிறேன். உள்ளே இருந்து தட்டுவது கைக்குத் தெரிகிறது. தட்டும், நிற்கும், நிற்கிறபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். ஓட்டைப் பக்கம் ஒரு சில்லை நகத்தால் எடுத்தால் போதும், வெளியே வந்துவிடும் என்று கை சொல்கிறது. உள்தோலில் ஓடுகிற ரத்தம் இன்னும் குஞ்சுக்குள் போய் முடிந்திருக்காது, உரித்தால் கசிந்தே செத்துப்போகும் என்று தெரிகிறது. உரிக்காமல் விட்டால் உள்ளேயே காய்ந்து செத்துப்போகலாம், அதுவும் தெரிகிறது. அக்கா இரண்டு முறை எட்டிப் பார்த்து, “இன்னும் கைய வைக்கலையே” என்று கேட்டுவிட்டுப் போனாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன் கண்ணு, வலது கைக்கு ஒரு வேலை வேண்டும்.

வெள்ளி காலை. நேற்று வெயில் சாய்ந்ததும் அவள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பெட்டிக்குத் திரும்பினாள். அதுவரை நான் உரிக்கவில்லை. ஓட்டை ஒரு பட்டன் அளவுக்கு வந்திருந்தது, ஆனால் கடைசி ஒரு மணி நேரமாகத் தட்டுவது நின்றுபோயிருந்தது. இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு பின்பக்கமாக அவளுக்கு அடியில் வைத்தேன். அப்பா ராத்திரி பெட்டியின் முன்னால் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டுவிட்டார், என்னால் தனியாக நகர்த்த முடியாத மேசை. காலையில் அவர்தான் நகர்த்தினார். வாத்தியாரம்மா முதலில் வந்தாள், பின்னால் குஞ்சுகள். ஓடிக்கொண்டே இருந்தால் எப்படி எண்ணுவது, நான் ஆறு என்றேன், அப்பா ஒன்பது என்றார், சின்னவள்தான் நொய்யைப் போட்டு நிற்கவைத்து எண்ணினாள். எட்டு. வைக்கோலில் புதிய ஓடு கிடந்தது, பென்சில் குறி அதில் பாதி இருந்தது. கடைசி ஒரு முட்டை அப்படியே இருந்தது, அதற்குள் என்ன என்று நான் பார்க்கவில்லை, அப்பா வேலியோரம் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்.

அதற்குள் எட்டும் கலந்துவிட்டன. எது என் வயிற்றில் இருந்தது என்று காலையிலிருந்து பார்க்கிறேன், தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி ஓடுகின்றன, என்னைப் பார்த்தால் எட்டும் ஒரே மாதிரி பயந்து அவளுக்கு அடியில் போய்விடுகின்றன.

நீ நல்ல உடம்போடும் நல்ல துணையோடும் படித்து முடித்து வர வேண்டும், என் ஆசியெல்லாம் உனக்குத்தான். செருப்பை மறக்காதே, அளவு எழுது. அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார், சின்னவள் தனியாகப் படம் வரைந்து வைத்திருக்கிறாள், குஞ்சுகள் எல்லாம் யானை மாதிரி இருக்கும், சிரிக்காதே. இந்தக் கடிதம் வருகிற செவ்வாய் புதனில் உனக்குக் கிடைத்துவிடும். மேஸ்திரியை மறைத்ததற்கு நீ அழுதாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, அதற்கடுத்த ஞாயிறு பத்து நிமிடமும் நான் போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா