பந்தக்காலுக்கு விட்ட மண்

மதினி,

நேற்று சாயங்காலம் மழை. நம் தெருமுக்கு முழுக்க சிமெண்டுக் கல் பதித்துவிட்டதால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட்டது. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு விட்டிருக்கும் வெறும் மண்ணிலிருந்து மட்டும் வாசனை எழுந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் போன பிறகு வந்த முதல் மழை இது.

கல் பதிக்கிறார்கள், பெரிய விளக்கு வருகிறது என்றதும் அதிகம் சந்தோஷப்பட்டது நீங்கள்தான். இருட்டிவிட்டால் அந்த முக்கைத் தாண்ட எங்களுக்குப் பயம். "இனி கும்மியடிக்கையில கால்ல முள்ளுக் குத்தாதுத்தா" என்றீர்கள். பிறகுதான் உறைத்தது, ஆத்தாளுக்கு வைக்கும் பங்குனிப் பொங்கலுக்குப் பந்தக்கால் ஊன்றும் இடமும் கல்லுக்கு அடியில் போய்விடும் என்று.

"வாளியில மணலப் போட்டு ஊன்டிக்கிருவோம். மண்டபத்துல அப்படித்தான செய்றாக?" என்றார் அண்ணன்.

"ஆத்தாளுக்கு வாளியில ஊன்டுவீகளா? அப்ப உங்களுக்கும் வாளியிலயே சோறு வைக்கிறேன்" என்றீர்கள்.

வேலையைப் பார்க்க வந்த மேற்பார்வையாளரையும் விடவில்லை; கால் ஊன்றும் இடத்தில் மட்டும் கல் பதிக்க வேண்டாம் என்றீர்கள்.

"பிளான்ல ஓட்டை இல்லைம்மா."

"பிளான்ல இல்லாட்டி என்ன, எங்க தெருவுல இருக்குல்ல?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் விடியலில், ஆட்கள் வருமுன், அந்த மண்ணைச் சுற்றி ஒரு கோலம் போட்டீர்கள். செம்மண் கரை வைத்த பெரிய கோலம். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து உலை வைத்தீர்கள்.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வரிசை வரிசையாகக் கல் பதித்து வந்தவர்கள் கோலத்தின் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். ஒருவர் கையில் தூக்கிய கல்லைக் கீழே வைக்கவே இல்லை. "சார், கோலம் கெடக்கு" என்றார். மேற்பார்வையாளர் பைக்கில் வந்தார். கோலத்தின் மேல் வைக்கப்போன காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"சரி, சுத்திப் போட்டுட்டு வாங்கப்பா."

கட்டட வரைபடம் போடுவதுதான் என் வேலை. எத்தனையோ கோடுகள் வரைந்திருக்கிறேன். அத்தனை பேரையும் சத்தமில்லாமல் நிறுத்திவைத்த ஒரு கோட்டை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பங்குனியில் பந்தக்கால் மண்ணிலேயே இறங்கியது. புது வெளிச்சத்தில், புதுக் கல் மேல், நீங்கள் நடுவில் நின்று கும்மியடித்தீர்கள். ஆனி பிறக்குமுன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் நரிக்குடிப் பக்கம் ஒரு தெருவில் சின்னப் பூங்காவுக்கு இடம் அளக்கப் போனோம். வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் சார் டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது குழாயடியில் நின்ற பெண்களிடம் போனேன். "பொங்கலுக்கு நீங்க எங்க கால் ஊன்டுவீக?" என்று கேட்டுவிட்டேன்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் ஒரு அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நடந்து வந்து, குதிகாலால் தரையில் அழுத்தி மிதித்தார். "இங்கனதான் தாயி. ஏன், விட்ருவாகளா?"

படத்தில் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டேன். "இது என்னம்மா?" என்று சார் கேட்டார். சொன்னேன். வட்டத்துக்குள் என்ன எழுதுவது என்று யோசித்து, 'மண்' என்று எழுதினேன், மதினி. அவர் அழிக்கவில்லை.