சூப்பர்வைசரின் ஓவர்சைட்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கக் கை வருகிறது, மனசு வரவில்லை. நேற்றிலிருந்து நீ போன் செய்கிறாய், நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

எங்கள் பேக்கிங் ஹாலில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே, விபத்து விசாரணை அறிக்கையைத் தமிழில் ஒட்டியிருக்கிறார்கள். 'விபத்து நேரத்தில் சூப்பர்வைசரின் கவனக்குறைவோடு மெஷின் இயக்கப்பட்டது.' அந்த ஹாலுக்கு சூப்பர்வைசர் நான். அடியில் 'மொழிபெயர்ப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்' என்று இருக்கிறது. அந்தப் பிரிவில் நாற்காலியே ஒன்றுதான், அதில் உட்கார்ந்திருப்பது நீ.

தண்ணீர் குடிக்க வருகிறவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். அட்டைப்பெட்டி அழுத்தும் மெஷினில் இரண்டு விரல் நசுங்கிய பெண்ணை எல்லோரும் 'சிரிப்பு' என்றுதான் கூப்பிடுவோம். அவளைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவள் புருஷன் வாசலிலேயே நின்றுகொண்டு, "போர்டுல போட்டிருக்கிறதைப் படிச்சோம்க்கா. அவ உங்களைப் பார்க்க வேண்டாம்னு சொல்றா" என்றான். பழத்தோடு திரும்பி வந்தேன்.

ஆங்கிலத்தில் என்ன இருந்தது? அதை மட்டும் சொல்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ஆங்கிலத்தில் இருந்தது 'சூப்பர்வைசரின் ஓவர்சைட்' என்ற இரண்டே சொல். அந்த ஓவர்சைட் ஒரு வில்லங்கம் பிடித்த வார்த்தை. மேலே நின்று பார்த்துக்கொள்வதும் ஓவர்சைட், பார்க்காமல் கோட்டை விடுவதும் ஓவர்சைட். ஓவர்சியர் என்கிறோமே, அதற்கும் இதற்கும் ஒரே வேர்தான். ஒரே சொல் காவலுக்கும் நிற்கும், காவல்காரன் தூங்கிப் போனதற்கும் நிற்கும். அகராதியில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. பின்னால் 'ஆஃப்' வந்தால் பெரும்பாலும் மேற்பார்வை, 'அன்' சேர்ந்து 'அன் ஓவர்சைட்' என்று வந்தால் பெரும்பாலும் தவறு. இங்கே இரண்டும் இல்லை. விபத்து அறிக்கையாயிற்றே, தவறாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது பக்கத்தைச் சாயங்காலத்துக்குள் கேட்டார்கள்.

சத்தியமாக அந்த சூப்பர்வைசர் நீ என்று எனக்குத் தோன்றவில்லை அக்கா. உங்கள் ஆலையில் எத்தனையோ சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள்.

மாமாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? போனை எடு.

உன் தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

நான் கேட்டது என் மானத்தை. நீ எனக்கு இலக்கண வகுப்பு நடத்தியிருக்கிறாய். ஆஃப் வந்தால் அப்படி, அன் வந்தால் இப்படி. இதை அச்சடித்துச் சிரிப்பு வீட்டு வாசலில் கொடுக்கட்டுமா?

'நீ என்று தோன்றவில்லை' என்று எழுதியிருக்கிறாய். வேறு ஒருத்தியாக இருந்தால் பரவாயில்லையா? அவளுக்குத் தம்பி இல்லாவிட்டால் அவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்?

நடந்தது இதுதான். இப்போதாவது கேட்டுக்கொள். மெஷின் மூடியைத் திறந்தால் அது தானாக நிற்க வேண்டும். ஒரு வாரமாக நிற்கவில்லை. இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். "ஸ்பேர் வரணும்மா. அதுவரைக்கும் நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு ஓட்டுங்க" என்றார். நின்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிக்கிய அட்டையை எடுக்க அவள் கையை விட்டாள். நான் "ஏய்" என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

அகராதியைக் கேட்டாய். ஒரு போன் போட்டு "உங்க ஆலையில என்னக்கா நடந்துச்சு" என்று என்னைக் கேட்டாயா? அதுதான் எனக்கு ஆறவில்லை.

மாமா முதுகு அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

உங்கள் இன்ஜினியர் நேற்று இங்கே கூட்டத்துக்கு வந்திருந்தார். அறிக்கை எழுதியவர் அவர்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கேன்டீனில் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"சார், அந்த ஓவர்சைட்டுக்கு நீங்க நினைச்ச அர்த்தம் எது? மேற்பார்வையா, கவனக்குறைவா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ரெண்டுமாப் படிக்கலாம்ல தம்பி. அதுக்காகத்தானே அந்த வார்த்தையைப் போட்டேன்" என்றார்.

"தமிழ்ல ரெண்டும் வராதே சார்."

"வராது. நீங்க ஒண்ணைப் போட்டுட்டீங்க. அது உங்க பொறுப்பு." குவளையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் ஒளிந்துகொள்ள ஒரு வார்த்தை கட்டினார். நான் அதற்குள் உன்னைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். எவ்வளவு வசதியாகப் போயிற்று அவருக்கு.

திருத்திய அறிக்கையை இன்றே அனுப்பிவிட்டேன். 'சூப்பர்வைசரின் மேற்பார்வையில் மெஷின் இயக்கப்பட்டது. முன்பு கவனக்குறைவு என்று வந்தது மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு.' கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். யாரைக் கேட்டு அனுப்பினாய் என்று மேனேஜர் விளக்கம் கேட்டிருக்கிறார். கேட்கட்டும்.

முதலில் உன்னைத்தான் கேட்டிருக்க வேண்டும் அக்கா.

தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் காகிதம் குழாய்க்கு மேலே வந்துவிட்டது. பழையதைக் கிழிக்காமல் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். அதிலும் ஒரு சோம்பேறித்தனம்.

அதைப் படித்ததும் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் வந்தது. வார்த்தை சரியாகிவிட்டது, மூடி அப்படியேதான் இருக்கிறது. வேறொரு பெண்ணை அந்த மெஷினில் உட்கார வைத்திருந்தார்கள். போய் சுவிட்சை அணைத்தேன்.

இன்ஜினியர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டும்மா நிறுத்தினீங்க?"

"சூப்பர்வைசரோட ஓவர்சைட்னு எழுதினது நீங்கதானே சார். என் மேற்பார்வையில இது ஓடாது. ஓடணும்னா, நீங்க சொல்லித்தான் ஓட்டுறேன்னு தமிழ்ல எழுதிக் கொடுங்க."

அவர் எழுதித் தரவில்லை. மற்ற பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு என் பின்னால் வந்து நின்றார்கள். வாரக்கணக்கில் வராத ஸ்பேர் மறுநாள் காலையில் வந்தது. என்மேல் என்ன நடவடிக்கை வருமோ தெரியாது. வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று சிரிப்பின் புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போனான். அவள் கைக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அழுதாள், நானும் அழுதேன். பிறகு அவள், "உங்க தம்பிதான் அதை எழுதினாராமே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. என் கோபம் இன்னும் தீரவில்லை, மீதியை நேரில் வைத்துக்கொள்ளலாம். முதலில் அவள் வீட்டுக்குப் போவோம். நான் வாசலில் நிற்கிறேன், நீ மட்டும் உள்ளே போய் உட்கார். அவள் கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வா.

சாப்பாடு நம் வீட்டில்.

உன் அக்கா